கயோட்டியை அழைக்கும் மூன்று கருவிகள்: இரண்டு குளிர்காலப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கடந்த இரண்டு குளிர்காலங்களாக, டெக்சஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ நகருக்குத் தெற்கே உள்ள ஓர் ஆட்டுப் பண்ணையில், கயோட்டி என்னும் நரி போன்ற காட்டு விலங்கை ஒலியால் அழைத்து வேட்டையாடப் பழகி வருகிறேன். அதற்காக மூன்று கருவிகளை வாங்கினேன்: ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு, உள்ளே அடைபட்டிருக்கும் ஊதல் ஒன்று, ரீடு வெளியே தெரியும் ஊதல் ஒன்று, ரிமோட்டால் தொலைவிலிருந்து இயக்கும் மின்னணு ஒலிபெருக்கி ஒன்று. ஊதல்கள் ஒவ்வொன்றும் 20 டாலருக்குள் அடங்கின. ஒலிபெருக்கிக்கு 140 டாலர் ஆயிற்று. புதிதாகத் தொடங்குபவர் வெளியே தெரியும் ரீடு கொண்ட ஊதலைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்பது என் முடிவு. பலர் எனக்குச் சொன்னது இதற்கு நேர்மாறானது என்பதால், காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். இந்த மூன்று வகைகளையும் பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே அமைப்பில் செய்து விற்கின்றன. ஆகவே நிறுவனப் பெயரை விட்டுவிட்டு, வகையின் குணத்தை வைத்தே மதிப்பிடுகிறேன்.

கயோட்டி நம் ஊர்க் குள்ளநரிக்கு உறவு முறை. ஆனால் கால் நீளம், உருவமும் பெரிது. டெக்சஸில் வளர்ந்த கயோட்டி பெரும்பாலும் 25 முதல் 40 பவுண்டு வரை எடை இருக்கும். ஒரு காலத்தில் நடுப்பகுதிச் சமவெளிகளுக்கும் மேற்குப் பகுதிக்கும் உரியதாக இருந்த இவ்விலங்கு, இன்று ஹவாய் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் வாழ்கிறது. இந்நாட்டில் கொன்றுண்ணிகளால் இழக்கப்படும் செம்மறிகளில் மிகப் பெரிய பங்கு கயோட்டியால் போகிறது. எனக்கு இடம் கொடுத்தவர் உடன் வேலை பார்க்கும் நண்பரின் மாமனார். வெள்ளாடும் செம்மறியும் கலந்து வளர்ப்பவர். முதல் முறை போனபோது, விடியலில் இறந்து கிடந்த ஒரு வெள்ளாட்டுக் குட்டியை அவர் என்னிடம் காட்டினார். வெளியே பார்த்தால் தொண்டையின் இருபுறமும் சிறு துளைகள் மட்டுமே தெரிந்தன. கத்தியால் தோலை உரித்து விலக்கியபோது, அடியில் உள்ளங்கை அகலத்திற்கு இரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. உயிரோடு இருக்கும்போது கடிபட்டால்தான் இப்படி இரத்தம் கட்டும், இறந்த பிறகு தின்ன வந்த விலங்கின் பல் பட்டால் கட்டாது என்று அவர் விளக்கினார். நான் இந்த வேட்டையைப் பொழுதுபோக்காக மட்டும் எண்ணாததற்கு அந்தக் குட்டியே காரணம்.

அழைத்து வேட்டையாடுவது என்பது, கயோட்டியின் பசியையோ, எல்லைப் பூசலையோ, இணை தேடும் வேட்கையையோ, குட்டியைக் காக்கும் பதற்றத்தையோ தூண்டும் ஒலியை எழுப்பி, அதைத் துப்பாக்கி எட்டும் தூரத்திற்கு வரவழைப்பது. அகப்பட்ட முயலின் அலறலே இதில் அடிப்படைப் பாடம். டெக்சஸுக்கு இதில் நீண்ட மரபு உண்டு: மார்பிள் ஃபால்ஸ் ஊரைச் சேர்ந்த பர்னம் சகோதரர்கள் வாயால் ஊதும் அழைப்பான்களை நாடெங்கும் பரப்பினார்கள், வேக்கோ நகரின் ஜானி ஸ்டூவர்ட், உண்மையான விலங்குகளின் குரல்களைப் பதிவு செய்து இசைத்தட்டுகளாக விற்றார். இன்றைய மின்னணுக் கருவிகள் அந்தத் தட்டுகளின் வழி வந்தவையே. நம் பக்கத்தில் நரிக்குறவர்கள் நரியைப் போலவே ஊளையிட்டு நரியை வரவழைப்பதில் தேர்ந்தவர்கள் என்று சிறுவயதில் கேள்விப்பட்டிருக்கிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு இந்தியாவில் அதற்கு இடமில்லை. தொண்டையும் உதடும் செய்யும் அந்த வித்தையின் அருமை, டெக்சஸில் ஊதலை வாயில் வைத்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

முதலில், உள்ளே அடைபட்ட ரீடு கொண்ட ஊதல். விரல் நீளத்தில் ஒரு குழல்; அதன் நடுவே ஆர்மோனிய ரீடு போல மெல்லிய தகடு ஒன்று இருக்கும். காற்றை ஊதினால் போதும், முயலின் அலறலுக்கு நெருக்கமான ஒலி வந்துவிடும். வாங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே எனக்கு வந்தது. இந்த எளிமைதான் அதன் சிறப்பு. குறையும் அதிலிருந்தே வருகிறது. ரீடைத் தொட முடியாததால் ஒலியின் உயரத்தை மாற்ற வழியில்லை. உள்ளங்கையைக் குழலின் வாயில் குவித்தும் விரித்தும் ஓரளவு ஏற்றத்தாழ்வு காட்டலாம், அவ்வளவுதான். இரண்டாவது குறை குளிரில் தெரிந்தது. சனவரி மாதத்தில் ஒரு விடியற்காலை, வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருந்தபோது, எச்சில் ஈரம் ரீடின் மேல் உறைந்து, மூன்றாவது ஊதலிலேயே ஒலி நின்றுவிட்டது. திறந்து துடைக்க வழியில்லாததால் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அந்த இடத்தில் செய்ய வேண்டிய வேலை கெட்டுவிட்டது. வெளியே எடுக்காமல் சட்டைப் பைக்குள்ளேயே சூடாக வைத்திருந்தால் இத்தொல்லை பெரும்பாலும் வராது என்பதைப் பின்னர் கற்றுக்கொண்டேன். சிறு பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்பவர்கள் அவர்கள் கையில் கொடுக்க இது நல்ல கருவி.

வெளியே தெரியும் ரீடு கொண்ட ஊதல் வேறு வகை. நாதசுரத்தின் சீவாளியை உதட்டால் கவ்வி நாதத்தை ஆள்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும். குழலின் முனையில் வளைந்த பலகை போன்ற ஒரு பகுதி இருக்கும். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ரீடு படிந்து, ஒரு நுனி கட்டப்பட்டும் மறு நுனி விடுபட்டும் இருக்கும். ரீடின் மேல் பல்லையோ உதட்டையோ லேசாகப் பதித்து ஊத வேண்டும். விடுபட்ட நுனிக்கு அருகே பல்லைப் பதித்தால் ரீடின் சிறு பகுதியே அதிர்ந்து, எலிக்குஞ்சின் கீச்சொலி போன்ற உச்சக் குரல் எழும். பல்லை உள்ளே நகர்த்த நகர்த்தக் குரல் இறங்கும். கட்டிய முனையருகே வந்துவிட்டால் கயோட்டியின் ஊளையே கிடைக்கும். ஆக, எலி, குழிமுயல், பெரிய காது முயல், மான்குட்டி, கயோட்டிக் குட்டியின் கதறல், தனிக் கயோட்டியின் ஊளை அனைத்தும் ஒரே குழலில் அடக்கம்.

பழகுவதற்கு எனக்கு ஏறக்குறைய ஆறு வாரம் பிடித்தது. வீட்டில் ஊதினால் அக்கம்பக்கம் அதிரும் என்பதால், அலுவலகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நாள்தோறும் பத்து நிமிடம் ஊதிப் பார்த்தேன். முதல் இரண்டு வாரம் வெறும் வாத்துக் குரல்தான் வந்தது. பல்லை அழுத்தாமல், மூச்சை மார்பிலிருந்து விடாமல் அடிவயிற்றிலிருந்து சிறு சிறு துண்டாக வெட்டி விட வேண்டும் என்பது மூன்றாவது வாரத்தில்தான் பிடிபட்டது. முயல் ஒரே சுருதியில் அலறுவதில்லை. மூச்சு வாங்கும், அடங்கும், மறுபடி உயிர் போவதுபோல் கத்தும். இந்த உணர்ச்சியை ஊதலுக்குள் கொண்டுவர முடிந்த நாளில், பண்ணைக்காரரின் நாய் கொட்டகையிலிருந்து எழுந்து வந்து என் முன்னே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது.

என் முதல் கயோட்டி இந்த ஊதலுக்குத்தான் வந்தது. சனவரி இறுதி, புல் முழுவதும் வெண்பனி. சூரியன் முதுகுக்குப் பின்னே இருக்கும்படி மேற்கு நோக்கி, ஒரு மெஸ்கீட் மரத்தின் முன்னே, அதன் நிழலுக்குள் உட்கார்ந்தேன். மெஸ்கீட் என்பது நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் உடன்பிறந்த இனம், முள்ளும் அப்படியே. அதன் பின்னே ஒளியாமல் முன்னே உட்காருவதற்குக் காரணம், உருவத்தின் விளிம்பு மரத்தோடு கரைந்துவிடுவதும், கையை அசைக்க இடம் கிடைப்பதும். காற்று வடக்கிலிருந்து, அதாவது வலப்புறமிருந்து இடப்புறமாக வீசியது. முதல் ஊதல் மெதுவாக, பக்கத்தில் படுத்திருக்கும் விலங்கை மிரட்டாத அளவில். பிறகு சிறிது சிறிதாக உரக்க. ஏழாவது நிமிடத்தில் சப்பாத்திக் கள்ளிப் புதருக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஓடியது. அது நேராக என்னை நோக்கி வரவில்லை. காற்று போகும் பக்கத்திற்கு, என் இடப்புறமாக வளைந்து, மோப்பம் பிடிக்கும் இடத்தை நோக்கி ஓடியது. கயோட்டி காதால் கேட்டதை மூக்கால் உறுதி செய்யாமல் நம்பாது. அந்த வளைவைக் கணித்து முன்னதாகவே துப்பாக்கியை இடப்புறமாகத் திருப்பி வைத்திருந்ததால், உதட்டைச் சப்பி ஒரு கீச்சொலி மட்டும் கொடுத்தேன். ஏறக்குறைய 90 கஜத்தில் அது நின்றது. காதுகளின் உள்மயிர் ஒளியில் சிவந்து தெரிந்தது. மூச்சு புகையாக வந்தது. அதன் பின்னே மண்மேடு இருப்பதைப் பார்த்துக்கொண்டு சுட்டேன். விழுந்த இடத்திலேயே முடிந்தது.

மின்னணு ஒலிபெருக்கியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதற்கு ஒரு தனிப் பயன் உண்டு: ஒலி உங்களிடமிருந்து வராமல், 30, 50 கஜத்திற்கு அப்பாலிருந்து வரும். வரும் விலங்கின் கண் அங்கேயே பதிந்திருக்கும். நீங்கள் கையை நகர்த்தினாலும் பார்வையில் படாது. ஊதலோடு உட்கார்ந்திருப்பவர்தான் விலங்கின் பார்வைக்கு இலக்கு. ஒலிபெருக்கி அந்தச் சுமையைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. அதிலிருந்த முயல், மான்குட்டி, குட்டிக் கயோட்டி ஒலிகள் உண்மை விலங்கின் பதிவுகள் என்பதால், தொடக்கக்காரரின் ஊதலைவிடச் செம்மையாக இருந்தன. சுட்டு ஒன்று விழுந்த பின்னும், தவறிய பின்னும், உடனே எழுந்துவிடாமல் குட்டியின் கதறலை ஒலிக்கவிட்டுக் காத்திருந்தால் இரண்டாவது விலங்கு தலைகாட்ட வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் கை நடுங்கும், ஊதுவது கடினம், பொத்தானை அழுத்துவது எளிது.

ஆனால் நான் வாங்கிய விலைக்குரிய கருவியில் மூன்று குறைகளைக் கண்டேன். ஒலியை முக்கால் அளவுக்கு மேல் ஏற்றினால் உச்சக் குரல்கள் கரகரத்தன. கயோட்டியின் காது நம்முடையதைவிட உச்ச ஒலிகளில் கூர்மையானது என்பதால் இது சிறு குறையன்று. அடுத்து, குளிரில் சாதாரண ஆல்கலைன் பேட்டரிகள் ஒரு காலைப் பொழுதைக்கூடத் தாங்கவில்லை. மீண்டும் மின்னேற்றும் நிக்கல் வகைக்கு மாறிய பின் அத்தொல்லை தீர்ந்தது. மூன்றாவதுதான் பொறுக்க முடியாதது. பெட்டியின் மேல் 200 கஜம் என்று அச்சிடப்பட்டிருந்த ரிமோட், வெட்டவெளியில் ஓரளவு வேலை செய்தது. மெஸ்கீட் புதருக்குள் 60 கஜத்திலேயே தொடர்பு அறுந்தது. திசம்பரில் ஒரு மாலை, கயோட்டி ஒன்று 120 கஜத்தில் வந்து நின்று சந்தேகத்தோடு பார்த்தது. ஒலியைத் தாழ்த்தினால் அது இன்னும் நெருங்கும் என்று தெரிந்தது. பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் ஒலிபெருக்கி முழுக் குரலில் அலறிக்கொண்டே இருந்தது. கயோட்டி திரும்பி ஓடையில் இறங்கிவிட்டது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். மாற்றாக வந்ததும் அதே தூரத்தில்தான் தடுமாறியது. இந்த வகையை வாங்க எண்ணுபவர் கூடுதல் பணம் கொடுத்து நம்பகமான ரிமோட் உள்ளதை வாங்க வேண்டும்; இல்லையேல் வாங்காமல் இருப்பது நல்லது. அதில் எத்தனை நூறு ஒலிகள் உள்ளன என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு குளிர்காலத்தில் நான் பயன்படுத்தியவை ஐந்து ஒலிகளைத் தாண்டவில்லை.

ஊதலை முதலில் வாங்கச் சொல்வதற்கு விலை மட்டும் காரணமில்லை. ஊதலோடு உட்காருபவர் காற்றைக் கவனித்தே ஆக வேண்டும்; வரும் விலங்கு தன்னைத்தான் தேடி வரும் என்ற அறிவு அவரை அசையாமல் இருக்கப் பழக்கும். ஒலிபெருக்கியோடு தொடங்கிய என் நண்பர், நல்ல கருவி இருக்கிறது என்ற நம்பிக்கையில் வண்டியை மேட்டின் உச்சியில் நிறுத்துவார், கதவை அறைந்து சாத்துவார், காற்று போகும் பக்கத்தில் புதர் அடர்ந்த இடமாகப் பார்த்து உட்காருவார். ஒரு பருவம் முழுவதும் அவருக்கு ஒன்றும் வரவில்லை. உண்மையில் வந்திருக்கும், மோப்பம் பிடித்துவிட்டு அவர் அறியாமல் திரும்பியிருக்கும். காற்று போகும் பக்கத்தில் குறைந்தது 100 கஜம் திறந்த வெளி இருக்கும்படி அமர்வதும், வண்டியைத் தாழ்வில் மறைத்து நிறுத்துவதும், 15 அல்லது 20 நிமிடம் பொறுத்து ஒன்றும் வராவிட்டால் ஒரு மைல் தள்ளிப் போய் மறுபடி தொடங்குவதும் எந்தக் கருவிக்கும் பொதுவான ஒழுங்கு. காற்று பலமாக வீசும் நாளில் ஒலியும் போகாது, விலங்கும் வராது. அன்று வீட்டிலிருப்பதே மேல்.

துப்பாக்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். .223 ரெமிங்டன் குண்டு இந்த வேலைக்குப் போதுமானது. எளிதில் கிடைக்கும், பின்னுதைப்பும் குறைவு. காற்று மிகுந்த சமவெளியில் .22-250 அல்லது .243 குண்டுக்கான துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. நெருங்கிய புதரில், சிறு குண்டுகளைச் சிதறவிடும் 12 கேஜ் ஷாட்கன் சிறந்தது. எதுவானாலும், உருவத்தை முழுதாக அடையாளம் கண்ட பிறகே விரல் விசைக்குப் போக வேண்டும். பண்ணை நாய்கள் அதே நிறத்தில், அதே உயரத்தில், அதே ஒலிக்கு ஓடி வரும்.

சட்டத்தைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதேனும் ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. டெக்சஸின் ஆண்டு உரிமம் ஆகஸ்டு 31ஆம் நாளோடு காலாவதியாகும் என்பதால், செப்டம்பர் முதல் நாளில் புதுப்பிக்காதவர் வேட்டைக்கான அனுமதியை மட்டுமல்ல, அந்த விலக்கையும் இழக்கிறார். விசாவில் இருப்பவர்கள் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்ட பிறகே துப்பாக்கியைத் தொட வேண்டும் என்பது என் வேண்டுகோள். மேலும், 1971ஆம் ஆண்டு செப்டம்பர் 2 அல்லது அதன்பின் பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டையாட, வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். இம்மாநிலத்தில் கயோட்டிக்குத் தடைக்காலமோ எண்ணிக்கை வரம்போ இல்லை. மின்னணு ஒலிபெருக்கிக்கும் தடையில்லை. மற்ற மாநிலங்களின் விதிகள் வேறுபடும். டெக்சஸின் நிலத்தில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம்; உரியவரின் அனுமதியின்றி வேலியைத் தாண்டக் கூடாது. அனுமதி கேட்கும்போது நான் கண்ட நல்ல வழி, ஆடுகள் குட்டி ஈனும் பருவத்திற்கு ஒரு மாதம் முன்னதாக, கையில் துப்பாக்கியில்லாமல், பகலில் போய்ப் பேசுவது. எங்கள் பண்ணைக்காரர் கேட்டது இரண்டே: திறந்த கதவைத் திறந்தே விட வேண்டும், மூடிய கதவை மூடிவிட்டுப் போக வேண்டும்.

விழுந்த விலங்கைக் கையுறையின்றித் தொடக் கூடாது. 1988இல் தொடங்கித் தெற்கு டெக்சஸின் கயோட்டிகளிடையே நாய்வகை வெறிநோய் பரவியது. 1995 முதல் வானூர்தியிலிருந்து தடுப்பு மருந்து கலந்த இரையைத் தூவி அரசு அதை ஒழித்தது. அந்த வகை வெறிநோய் நீங்கினாலும், சொறிநோயும் உண்ணியும் இன்றும் உண்டு.

ஊதலைப் பராமரிப்பது எளிது. ரீடுக்கு அடியில் மண்ணோ பஞ்சோ புகுந்தால் குரல் அடைக்கும். புது டாலர் தாள் ஒன்றை மடிக்காமல் ரீடுக்கு அடியில் நுழைத்து ஒரு முறை இழுத்தால் சரியாகிவிடும். ரீடைத் தூக்கி வளைத்தால் அதன் படிவு கெட்டு, பிறகு ஒலியே மாறிவிடும். இரண்டு ஆண்டில் நான் ஒரு முறைதான் ரீடை மாற்றினேன்.

அவ்வாண்டுக் குட்டிகள் தாயை விட்டுப் பிரிந்து அலையும் அக்டோபர், நவம்பர் மாதங்களே தொடங்குவதற்கு ஏற்ற காலம்; அவை ஏமாந்த அனுபவமில்லாதவை, முயலின் அலறலுக்கு நேராக ஓடி வரும். சனவரிக்குப் பின், இணை சேரும் பருவத்தில், முயலைவிட ஊளைக்கு மறுமொழி மிகுதி. குட்டிகள் வளைக்குள் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில், ஆட்டை அடிக்கும் விலங்கைத் தடுக்கப் பண்ணைக்காரர் கேட்டாலன்றி நான் ஊதலை எடுப்பதில்லை. வரும் அக்டோபரில் என் தம்பி முதன்முறையாக உடன் வருகிறான். அவன் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொள்ள, வெளியே தெரியும் ரீடு கொண்ட ஊதல் ஒன்றை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.